கார்பன் இழை மிதிவண்டி: விழுந்த பின் செய்ய வேண்டியவையும், டைம் டிரையல் வண்டியைப் பாதுகாப்பாக ஓட்டும் முறையும்

சில ஆண்டுகளுக்கு முன், நாற்பது வயதைக் கடந்த ஒருவர் காறை எலும்பு முறிவுடன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அதிகாலை மிதிவண்டிப் பயிற்சியின்போது முன்சக்கரம் குழியில் இறங்கியதால் அவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டிருந்தார். எக்ஸ்ரே எடுத்தோம், தோளுக்குக் கட்டுப் போட்டோம். இரண்டு மாதங்களில் எலும்பு கூடியது. அதன் பின் அவர் அதே வண்டியில் ஏறினார். வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குழி எதுவும் இல்லாத சமமான சாலையில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் திடீரென முறிந்தது. இம்முறை தாடை எலும்பு உடைந்தது, பற்களும் போயின.

முதல் விபத்தின்போது அவருடைய எலும்பைச் சோதித்த நாங்கள், வண்டியைச் சோதித்தீர்களா என்று கேட்கவில்லை. வண்டியில் பெரிய கீறல் இல்லாததால் அவரும் அதைப் பற்றி எண்ணவில்லை. கார்பன் இழை வண்டியில் உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாமலிருக்கலாம். மனித உடலிலும் அப்படித்தான். விழுந்தவுடன் நலமாகத் தெரிபவருக்கு உள்காயம் இருக்கலாம். ஆகவே, விழுந்த பின் உடல், வண்டி ஆகிய இரண்டையும் சோதிக்காமல் மீண்டும் வண்டி ஏறக் கூடாது. இக்கட்டுரை வலியுறுத்துவது இதையே.

இங்குத் தரப்படும் தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்குரிய ஆலோசனையை உங்கள் மருத்துவரிடம் பெறுங்கள்.

கார்பன் இழை என்றால் என்ன?

கார்பன் ஃபைபர் என்று கடைகளில் வழங்கப்படும் இப்பொருள், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கரி இழைகளால் ஆனது. இந்த இழைகளை எபாக்சி என்னும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்து, வெப்பத்தில் இறுகச் செய்து மிதிவண்டியின் சட்டகத்தை உருவாக்குகிறார்கள். இழைகள் ஓடும் திசையில் இது மிக வலிமையானது, எடையும் குறைவு. எனவேதான் போட்டி வண்டிகள் பெரும்பாலும் இதனால் செய்யப்படுகின்றன.

எஃகுச் சட்டகம் பலமான அடி வாங்கினால் பெரும்பாலும் வளையும் அல்லது நசுங்கும். அந்த வளைவே நமக்கு எச்சரிக்கையாக அமையும். கார்பன் இழை அவ்வாறு வளைந்து காட்டுவதில்லை. அடி பட்ட இடத்தில் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியலாம். வெளிப்பூச்சு மட்டும் பழையபடியே இருக்கும். அதன் பின் ஒவ்வொரு சவாரியிலும் அந்தப் பிளவு சிறிது சிறிதாக வளரும். ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இன்றி உடையும்.

இதனால் கார்பன் இழை ஆபத்தான பொருள் என்று அஞ்ச வேண்டியதில்லை. முறையாகச் செய்யப்பட்டு, முறையாகப் பேணப்படும் சட்டகம் பல்லாண்டுகள் உழைக்கும். சவாரியின்போது வரும் அதிர்வுகளைத் தாங்குமாறே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஒரே புள்ளியில் விழும் அடி, பக்கவாட்டில் நசுக்கும் அழுத்தம், அளவுக்கு மீறி முடுக்கிய திருகு ஆகிய மூன்றும்தான் அதற்குப் பகை.

விழுந்தவுடன் முதலில் உடலைக் கவனியுங்கள்

விழுந்தவர்களில் பலர் எழுந்ததும் முதலில் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். விலை உயர்ந்த பொருள் என்பதால் அது இயல்பே. ஆனால் முதலில் சாலையின் ஓரத்துக்குப் பாதுகாப்பாக வந்து அமருங்கள். கழுத்து வலியோ கைகால் மரத்துப்போதலோ இருந்தால் எழ முயலாமல் அசையாது படுத்திருங்கள். உடனிருப்பவர்கள் பின்னால் வரும் வாகனங்களை எச்சரித்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூச்சு தடைப்படாதவரை தலைக்கவசத்தைக் கழற்ற முயல வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் வந்து அதைச் செய்வார்கள்.

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

• சற்று நேரமேனும் நினைவிழத்தல். விபத்து எப்படி நடந்தது என்பது நினைவில் இல்லாமை
• திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வலிப்பு
• கேட்டதையே மீண்டும் கேட்டல், குழறிய பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம்
• காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
• கழுத்து அல்லது முதுகுத்தண்டில் வலி. கை, காலில் பலவீனம் அல்லது உணர்வின்மை
• மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது கூர்மையான நெஞ்சுவலி
• வயிற்று வலி, தலைசுற்றல், உடல் வெளிறி வியர்த்தல்

வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் தலையில் அடிபட்டால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் காட்ட வேண்டும். இம்மருந்துகளால் மூளையில் மெதுவான இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் காயங்கள்

தலை: மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாட்கள் கழித்தோ தோன்றலாம். அடிபட்டவரை முதல் 24 மணி நேரம் தனியே விடக் கூடாது. அன்றைய தினம் மீண்டும் வண்டி ஓட்டக் கூடாது. தலைவலி, கவனக்குறைவு, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம் ஆகியவை இருக்கும்வரை சாலையில் மிதிவண்டி ஓட்டுவது ஆபத்தானது.

மணிக்கட்டு: கையை ஊன்றி விழுந்தவர்களுக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதியில் உள்ள படகெலும்பு முறியக்கூடும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தோன்றும் சிறு குழியில் அழுத்தும்போது வலித்தால் இந்த ஐயம் எழ வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் இம்முறிவு தெரியாமல் போகலாம். ஆகவே மருத்துவர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் வரச் சொன்னால் தவறாமல் செல்லுங்கள். சுளுக்கு என்று விட்டுவிட்டால் எலும்பு கூடாமலே போகலாம். அந்த மணிக்கட்டு வாழ்நாள் முழுவதும் வலி தரும்.

வயிறு: கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தினால், தோலில் சிறு கன்றிப்போன தடம் மட்டுமே தெரிந்தாலும் உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். இடப்பக்க மேல்வயிற்று வலியும் இடது தோள் முனையில் வலியும் மண்ணீரல் காயத்தின் அடையாளமாகலாம். சில நாட்கள் கழித்தும் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால் அலட்சியம் கூடாது.

தோல் சிராய்ப்பு: ஓடும் சுத்தமான நீரில் மண்ணும் கல்லும் போகும்வரை கழுவுங்கள். காபித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் காயத்தில் இட வேண்டாம். தடுப்பூசி விவரத்தை மருத்துவரிடம் கூறி, தேவையெனில் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாய் துரத்தியதால் விழுந்து, கடியோ நகக்கீறலோ பட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கார்பன் சிம்பு: உடைந்த கார்பன் பாகத்தின் விளிம்பு கத்தியைப் போன்று கூர்மையானது, அதன் சிம்புகள் எளிதில் தோலுக்குள் நுழைந்து ஒடிந்துவிடும். கார்பன் இழை எக்ஸ்ரே கதிர்களைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. அதனால் உள்ளே தங்கிய சிம்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். உங்கள் வண்டியின் கார்பன் பாகம் உடைந்தது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள். காயத்தைத் திறந்து பார்க்கவும், தேவையானால் அல்ட்ராசவுண்ட் செய்யவும் அது வழிகாட்டும். உடைந்த பாகத்தை வெறுங்கையால் தொட வேண்டாம்.

அடுத்து வண்டியைச் சோதியுங்கள்

விழுந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்லாமல் வாகனத்தில் ஏற்றிச் செல்வது நல்லது. வீட்டில், நல்ல பகல் வெளிச்சத்தில், முதலில் வண்டியைக் கழுவித் துடையுங்கள். அழுக்கு விரிசலை மறைக்கும். பின்னர்,

• பூச்சில் நட்சத்திர வடிவ வெடிப்பு, வெள்ளை நிறமாற்றம், கொப்புளம் போன்ற எழுச்சி உள்ளதா என்று பாருங்கள்.
• விரல் நுனியால் குழாய்களைத் தடவிப் பாருங்கள். அமுங்கும் இடமோ மேடு பள்ளமோ இருந்தால் அது அடுக்குப் பிளவாக இருக்கலாம். இழை வெளியே தெரிந்தால் தொடாதீர்கள்.
• ஒரு நாணயத்தால் குழாயின் நெடுகிலும் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் ஒலி தெளிவாக இருக்கும். அடிபட்ட இடத்தில் மழுங்கிக் கேட்கும். குழாயின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒலியும் சற்று மாறும். ஆகவே எதிர்ப்பக்கத்தின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள்.
• ஃபோர்க், கைப்பிடி, இருக்கைத் தண்டு ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றிப் பார்க்கச் செய்யுங்கள். சட்டகத்துக்குள் மறைந்திருக்கும் ஃபோர்க்கின் மேல்தண்டு கழற்றினால்தான் தெரியும்.

இவை முதல்நிலைச் சோதனைகள் மட்டுமே. இவற்றில் எதுவும் தெரியவில்லை என்பது பழுது இல்லை என்பதற்குச் சான்றாகாது. பலமாக விழுந்திருந்தால், அனுபவமுள்ள பணிமனையில் முழுமையான ஆய்வு செய்து கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்ட் மூலம் உள் அடுக்குகளை ஆராயும் முறையும் உண்டு. கைப்பிடியும் ஃபோர்க்கும் உடைந்தால் தப்பிக்க நேரமே கிடைக்காது. அவற்றில் ஐயம் எழுந்தால் பழுதுபார்க்க முயலாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

தலைக்கவசத்தையும் மறவாதீர்கள். அதன் உள்ளே உள்ள நுரை ஒருமுறை நசுங்கி உங்கள் தலையைக் காத்துவிட்டால் மறுமுறை அதே அளவுக்குக் காக்காது. தலையில் அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

திருகுகள்: கார்பன் பாகங்கள் விபத்தில் மட்டுமன்றி வீட்டுப் பழுதுபார்ப்பிலும் உடைகின்றன. ஒவ்வொரு திருகுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர் முடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தப் பாகத்தின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். அளவு காட்டும் டார்க் ரென்ச் கொண்டு அதுவரை மட்டுமே முடுக்குங்கள். கை அளவில் இறுக்கமாக முடுக்கினால் கார்பன் நசுங்கலாம். தளர்வாக விட்டால் ஓடும்போது கைப்பிடி சுழன்றுவிடலாம்.

பசை: இருக்கைத் தண்டு வழுக்கி இறங்கினால் மேலும் முடுக்காதீர்கள். கார்பனுக்கென்றே விற்கப்படும், நுண்மணல் போன்ற துகள் கலந்த பிடிப்புப் பசையைத் தடவுங்கள். குறைந்த முடுக்கத்திலேயே பிடிப்புக் கிடைக்கும். தயாரிப்பாளர் கூறினாலன்றி அங்குச் சாதாரண கிரீஸ் பூச வேண்டாம்.

வியர்வை: உப்புநீர் படும் இடத்தில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். கடலோர ஊர்களில் ஓட்டுபவர்களும், வீட்டுக்குள் டிரெய்னரில் வண்டியை மாட்டி மணிக்கணக்கில் மிதிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வெளியே வீசும் காற்று வீட்டுக்குள் இல்லாததால் வியர்வை நேராகக் கைப்பிடித் திருகுகள்மீது சொட்டுகிறது. கைப்பிடியின் மீது துண்டு விரியுங்கள். மிதித்து முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை இருக்கைத் தண்டைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். உங்கள் சட்டகத்தை டிரெய்னரில் பொருத்தத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

கழுவுதல், நிறுத்துதல், ஏற்றிச் செல்லுதல்: மென்மையான சோப்பு நீரும் துணியும் போதும். அசிட்டோன் போன்ற கரைப்பான்களும், உயர் அழுத்த நீர்ப்பீச்சும் வேண்டாம். பழுதுபார்க்கும் தாங்கியில் சட்டகத்தின் குழாயைக் கவ்வாமல் இருக்கைத் தண்டைக் கவ்வச் செய்யுங்கள். சட்டகத்தின் மேல்குழாயில் யாரும் உட்காரக் கூடாது. காரின் பின்புறம் மாட்டும்போது புகைக்குழாயின் வெப்பம் சக்கரத்தில் படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ரிம்: ரிம்மின் மீது அழுத்தும் பிரேக் உள்ள வண்டிகளில், அந்த ரிம்முக்கெனக் குறிப்பிடப்பட்ட பிரேக் கட்டைகளையே பயன்படுத்த வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை போன்ற இடங்களில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம்; ரிம்மே சேதமடையலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பின் முழுதும் விட்டு, இடைவெளி கொடுத்து இறங்குங்கள்.

டைம் டிரையல் வண்டி எவ்வாறு வேறுபடுகிறது?

ஒருவர் தனியே, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி டைம் டிரையல் எனப்படும். டிரையத்லான் போட்டிகளிலும் இதே போன்ற வண்டிகள் பயன்படுகின்றன. சமதளத்தில் வேகமாக ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. ஆகவே முன்னோக்கி நீளும் இரு தண்டுகளில் முழங்கைகளை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, உடலை ஒடுக்கி ஓட்டுமாறு இவ்வண்டி அமைக்கப்பட்டுள்ளது. இத்தண்டுகளை ஏரோ பார் என்பர். 1989 டூர் தே பிரான்ஸ் போட்டியில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஏரோ பார் பொருத்தி, கடைசி நாளில் 8 வினாடி வித்தியாசத்தில் வென்ற பின் அது உலகெங்கும் பரவியது.

ஆனால் வேகம் தரும் இந்த அமைப்பே மூன்று ஆபத்துகளையும் தருகிறது.

முதலாவது, கை ஏரோ பாரில் இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. பிரேக் பக்கவாட்டுக் கைப்பிடியின் முனையில் உள்ளது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறீர்கள். கையை மாற்றிப் பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆனால், வேகம் குறையத் தொடங்குவதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு பேருந்தின் நீளத்தைக் கடந்திருப்பீர்கள்.

இரண்டாவது, தலை தாழ்வதால் சாலை தெரிவதில்லை. மூன்றாவது, இரு கைகளும் நடுவில் நெருங்கி இருப்பதால் வண்டியைத் திருப்பும் கட்டுப்பாடு குறைகிறது. பக்கக்காற்று எளிதில் தள்ளிவிடும்.

இவை புதியவர்களுக்கு மட்டுமே உரிய ஆபத்துகள் அல்ல. 2019 ஜூன் மாதம் டூர் தே பிரான்ஸ் போட்டியை நான்கு முறை வென்ற கிறிஸ் புரூம், பிரான்சில் டைம் டிரையல் பாதையைப் பார்வையிட ஓட்டும்போது மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்தார். அந்நேரம் வீசிய காற்று முன்சக்கரத்தைத் தள்ளியது. சுவரில் மோதிய அவருக்குத் தொடையெலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. 2022 ஜனவரியில் கொலம்பியாவில் டைம் டிரையல் வண்டியில் பயிற்சி செய்த ஈகன் பெர்னால், தலை தாழ்த்தி ஓட்டிய நிலையில், சாலையில் நின்றுகொண்டிருந்த பேருந்தின் பின்புறத்தில் மோதினார். முதுகெலும்பு, தொடையெலும்பு, முழங்கால் சில்லு ஆகியவை முறிந்து, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னரே மீண்டார். அவரும் டூர் தே பிரான்ஸை வென்றவர். முன்னறிவிப்பின்றி நிற்கும் பேருந்து நம் சாலைகளிலும் அன்றாடக் காட்சியே.

பாதுகாப்பாக ஓட்ட

• ஏரோ பாரில் கை வைத்து ஓட்ட முதலில் வீட்டில் டிரெய்னரிலும், பின்னர் வாகனங்கள் இல்லாத மூடிய வளாகத்திலும் பழகுங்கள். கையை மாற்றிப் பிரேக் பிடிப்பது அனிச்சையாக வரும்வரை சாலைக்குச் செல்ல வேண்டாம்.
• சந்திப்பு, வேகத்தடை, பேருந்து நிறுத்தம், கடைவீதி, பள்ளிப் பகுதி, வளைவு, இறக்கம், ஈரச்சாலை, மணல் படிந்த சாலை ஆகிய இடங்களில் கைகள் பிரேக்கின் மீது இருக்க வேண்டும்.
• குழுவாக ஓட்டும்போது ஏரோ பாரைப் பயன்படுத்தவே கூடாது. முன்னால் செல்பவர் பிரேக் பிடித்தால் உங்களுக்கு நேரம் இராது.
• பார்வை எப்போதும் முன்னே இருக்கட்டும். வேகமானியையும் கைப்பேசியையும் பார்ப்பதற்காகத் தலையைக் குனிய வேண்டாம். கழுத்து வலித்து நிமிர்த்த இயலவில்லை என்றால், அந்த நிலையை விட்டு எழுந்து ஓட்டுங்கள்.
• பலமான கடற்காற்று வீசும் நாளில் உயரமான ரிம் கொண்ட முன்சக்கரத்தைத் தவிருங்கள்.
• தண்ணீர் குடிக்க, மூக்குச் சிந்த, சைகை காட்ட ஒரு கையை எடுக்கும் முன், மற்றொரு கை பக்கவாட்டுக் கைப்பிடியை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும்.
• விடியும் முன் ஓட்டினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ஒளி பிரதிபலிக்கும் மேலாடை அணியுங்கள்.
• காற்றுத் துளை குறைந்த ஏரோ தலைக்கவசம் தலையின் வெப்பத்தை வெளியேற விடாது. வெயில் ஏறிய பின் சாதாரணத் தலைக்கவசமே நல்லது. தலைசுற்றல், குழப்பம், குமட்டல் தோன்றினால் உடனே நிழலில் நிறுத்தி, உடலை நீரால் குளிர்வித்து, உதவி கேளுங்கள்.

இந்த உடல்நிலையால் வரும் தொல்லைகள்

தாழ்ந்து ஓட்டும் நிலையில் சிலருக்கு உள்ளங்கையிலும் சுண்டுவிரல், மோதிரவிரல்களிலும் மரத்துப்போதல் ஏற்படும். கைப்பிடியின் அழுத்தம் அங்குச் செல்லும் நரம்பை நசுக்குவதே காரணம். இருக்கையின் முன்முனையில் உடல் எடை விழுவதால் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவதும் உண்டு. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுபவர்கள் பலர். மரத்துப்போதல் தோன்றியதும் எழுந்து நின்று மிதியுங்கள். இருக்கையின் உயரத்தையும் சாய்வையும் வடிவத்தையும் மாற்றிப் பாருங்கள். சவாரி முடிந்து சில மணி நேரத்துக்குப் பின்னும் உணர்வு திரும்பாவிட்டாலும், கைப்பிடிப்பில் வலு குறைந்தாலும், விறைப்புத் தன்மையில் குறை தோன்றினாலும் மருத்துவரை அணுகுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், இரு கால்களிலும் பலவீனம், ஆசனவாயைச் சுற்றி உணர்வின்மை ஆகியவை முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்குவதன் அடையாளங்களாகலாம். இவை வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

முன்கூட்டியே மருத்துவ ஆலோசனை பெற வேண்டியவர்கள்

இதயநோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் ஆகியோர் டைம் டிரையல் வண்டியில் பயிற்சி தொடங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். உடற்பயிற்சியைக் கைவிடுமாறு இதன் பொருள் கொள்ள வேண்டாம். நிமிர்ந்து ஓட்டும் சாதாரண மிதிவண்டியோ, வீட்டில் நிலையாக வைத்து மிதிக்கும் வண்டியோ பலருக்குப் போதுமானதாகவும் பாதுகாப்பானதாகவும் இருக்கும். நீரிழிவு நோயாளிகள் சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும்.

பராமரிப்பாளர்கள் கவனத்துக்கு

விபத்துக்குள்ளானவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும்போது அவருடைய தலைக்கவசத்தையும் கொண்டு வாருங்கள். அது எங்கே, எவ்வளவு நசுங்கியுள்ளது என்பது மருத்துவருக்குப் பயனுள்ள செய்தி. அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்து வாருங்கள். மருத்துவர் பார்க்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தர வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் நடக்கும் விபத்துகளுக்கு, "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எனவே அஞ்சாமல் உதவுங்கள்.

தேறிய பின் அவர் வண்டி ஏற விரும்பினால் தடுப்பதற்கு மாறாக, கீழ்க்காணும் கேள்விகளை அவரோடு சேர்ந்து விடையுங்கள்.

1. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் உறுதி செய்தாரா?
2. இரு கைகளாலும் பிரேக்கை வலியின்றி முழுமையாக அழுத்த முடிகிறதா?
3. கழுத்தை இருபுறமும் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க முடிகிறதா?
4. தலைவலியும் தலைசுற்றலும் முற்றிலும் நீங்கிவிட்டனவா?
5. புதிய தலைக்கவசம் வாங்கியாயிற்றா?
6. சட்டகம், ஃபோர்க், கைப்பிடி ஆகியவற்றைத் தெரிந்தவர் கழற்றிச் சோதித்தாரா?

ஆறுக்கும் ஆம் என்ற விடை வரும்வரை வண்டி சுவரோரம் நிற்கட்டும். தொடக்கத்தில் குறிப்பிட்ட நோயாளிக்கு முதல் ஐந்தில் தவறு இல்லை. ஆறாவது கேள்வியை எவரும் கேட்கவில்லை. அதன் பிறகு, மிதிவண்டியிலிருந்து விழுந்து வரும் ஒவ்வொருவரிடமும், கட்டுப் பிரிக்கும் நாளில், நாங்கள் அதைக் கேட்கிறோம். உங்கள் மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.